டிவியில் நெட் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

ஸ்மார்ட் டிவியோ, ஃபயர் டிவி ஸ்டிக்கோ, ஆண்ட்ராய்டு பாக்ஸோ, நெட் வராவிட்டால் எல்லாம் காட்டுவது ஒரே வரிதான்: ‘இணையத்துடன் இணைக்க முடியவில்லை’. தெருமுனையில் ஃபைபர் அறுந்திருந்தாலும் அதே வரி, பாஸ்வேர்டு மாறியிருந்தாலும் அதே வரி, டிவியின் தேதி தப்பாக இருந்தாலும் அதே வரி. கோளாறு எங்கே என்று அது சொல்லாததால், எடுத்த எடுப்பில் ஃபேக்டரி ரீசெட்டில் கை வைப்பவர்கள் நிறைய. ரீசெட்டால் தீரும் நெட் கோளாறு மிகக் குறைவு. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆப்பிலும் ரிமோட்டை வைத்து எழுத்து எழுத்தாக மெயில் ஐடி தட்ட வேண்டியிருக்கும், அது நிச்சயம்.

படம் திரைக்கு வந்துசேர நான்கு இடம் ஒழுங்காக இருக்க வேண்டும்: டிவி, வீட்டு வைஃபை, ரவுட்டரிலிருந்து நெட் கம்பெனி வரை போகும் ஃபைபர், அந்த ஆப்பின் சர்வர். இதில் எது படுத்துவிட்டது என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது பரவலாக இருக்கும் ஃபைபர் இணைப்பை மனதில் வைத்து எழுதுகிறேன். டிவி எந்த கம்பெனியாக இருந்தாலும் முறை ஒன்றுதான், மெனுவின் பெயர்தான் மாறும்.

எதையும் தொடுவதற்கு முன்

‘போனில் நெட் நன்றாக வருகிறது, டிவியில்தான் வரவில்லை’ என்பார்கள். வாங்கிப் பார்த்தால் போன் மொபைல் டேட்டாவில் ஓடிக்கொண்டிருக்கும். வைஃபையில் நெட் இல்லை என்றால் போன் சத்தமில்லாமல் சிம்முக்கு மாறிவிடும். அதனால் முதல் வேலை, மொபைல் டேட்டாவை அணைப்பது. வைஃபை மட்டும் இருக்கட்டும். டிவி இருக்கும் இடத்திலேயே நின்று, இதுவரை பார்க்காத ஒரு வீடியோவைப் போடுங்கள். போனிலும் ஓடவில்லை என்றால் டிவி மேல் பழி போடாதீர்கள். ரவுட்டர் விளக்குகளைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

போனில் ஓடுகிறதா? அடுத்த சோதனை ஹாட்ஸ்பாட். அணைத்த மொபைல் டேட்டாவைத் திரும்பப் போட்டு, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியை அதில் இணையுங்கள். வைஃபை ஓடும் அலைவரிசைகள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு. பழைய டிவிகளுக்கு 5 தெரியாது என்பதால் ஹாட்ஸ்பாட்டை 2.4-இல் வையுங்கள், ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யை ஆன் செய்தால் அதுவே 2.4-க்கு வந்துவிடும். ஹாட்ஸ்பாட்டில் படம் ஓடினால் டிவி நன்றாக இருக்கிறது, தேட வேண்டியது ரவுட்டரில். ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை என்றால் டிவிக்குள்தான் ஏதோ. சோதித்ததும் மறக்காமல் துண்டித்துவிடுங்கள். எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும், அன்றைய டேட்டா பேக் அதோடு காலி.

இன்னொன்று. ரிமோட்டில் அணைப்பது அணைப்பே இல்லை. இப்போதைய டிவிகள் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், சிக்கிக்கொண்ட நெட்வொர்க் நிலையும் அப்படியே இருக்கும். சாம்சங் என்றால் திரை அணைந்து திரும்ப லோகோ வரும்வரை ரிமோட்டின் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஃபயர் டிவியில் நடு பட்டனையும் ப்ளே/பாஸ் பட்டனையும் சேர்த்து ஐந்து விநாடி. மற்றவற்றுக்குச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள்.

கரண்ட் போய் வந்ததும் நெட் இல்லை

நம் ஊரில் அதிகம் வரும் புகார் இதுதான். கரண்ட் வந்ததும் டிவி சட்டென்று எழுந்துவிடும். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். டிவி அதற்குள் தேடிப் பார்த்து, ‘நெட் இல்லை’ என்று முடிவு கட்டி உட்கார்ந்துவிடும். ரவுட்டரில் விளக்குகள் நிதானமாக எரியும்வரை பொறுத்து, பிறகு டிவியை மட்டும் சுவிட்சில் அணைத்துப் போட்டால் போதும்.

சில வீடுகளில் ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி. 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி ரவுட்டருக்கு மட்டும் மாட்டியிருப்பார்கள். கரண்ட் போனாலும் வைஃபை முழுக்கோடு காட்டும், நெட் மட்டும் வராது, ஏனென்றால் ஃபைபர் பெட்டி செத்துக் கிடக்கும். இரண்டையும் யுபிஎஸ்ஸில் போட வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் ஆபரேட்டர் பக்கம் கரண்ட் இல்லாமல் இருக்கலாம். ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிட்டுக் கம்பத்தில் தொங்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். வீடுகளின் ஃபைபர் எல்லாம் போய்ச் சேரும், அவர் இடத்தில் இருக்கும் ஓஎல்டி மெஷினுக்கு வேண்டும்.

போனிலும் நெட் இல்லை: ரவுட்டர் விளக்குகள் சொல்வது

எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வந்துசேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்றுதான்: அந்த மெல்லிய வயர் எங்காவது நறுக்கென்று மடிந்திருக்கிறதா, சோபாவுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, எலி பல் பட்டிருக்கிறதா. முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது என்பதால் கூசாது, அதுதான் ஆபத்து. முனையில் விரல் பட்டாலும் அழுக்கு ஒட்டி சிக்னல் குறையும். சிவப்பு விளக்கென்றால் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள், அவ்வளவுதான்.

பான் (PON) விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் அந்தப் பக்கத்து மெஷின் உங்கள் பெட்டியை ஏற்கவில்லை. அதுவும் அவர்கள் வேலைதான்.

பான் நிதானமாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால்? போன வாரம் வந்த அழைப்பு:

“தம்பி, டிவியில ஒண்ணும் வரல, சுத்திக்கிட்டே இருக்கு.”

“ரவுட்டர் பெட்டியில சிவப்பு லைட் எரியுதா அத்தை?”

“சிவப்பு இல்லப்பா, எல்லாம் பச்சைதான். ஒண்ணு மட்டும் எரியல.”

“அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?”

“இரு, கண்ணாடி போட்டுக்கறேன்… ஐ, என், டி…”

“மாமா இந்த மாசம் ரீசார்ஜ் பண்ணிட்டாரா?”

பண்ணவில்லை. இன்டர்நெட் விளக்கு அணைந்திருந்தால் பெரும்பாலும் கணக்கு முடிந்திருக்கும், இல்லாவிட்டால் ரவுட்டர் கம்பெனியிடம் லாகின் செய்யும் பிபிபிஓஇ (PPPoE) யூசர்நேம், பாஸ்வேர்டு அழிந்திருக்கும். ரவுட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் யாராவது ஊசி விட்டு ரீசெட் செய்திருந்தால் பின்னதுதான் நடந்திருக்கும். ரீசார்ஜ் தீர்ந்தபின்னும் விளக்கு எரியும்படி விடும் கம்பெனிகளும் உண்டு. அவர்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பணம் கட்டும் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். போனின் பிரவுசரில் அது தெரியும். டிவி ஆப்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டத் தெரியாது, வெறுமனே சுற்றும். ஹாஸ்டல், ஹோட்டல் வைஃபையில் டிவி ஸ்டிக் மாட்டுபவர்கள் பலருக்கும் இதே சிக்கல்தான். அங்கே லாகின் பக்கம் குறுக்கே நிற்கும்.

வைஃபை பெயரே லிஸ்டில் இல்லை

பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, நம் வீட்டுடையது மட்டும் இல்லை. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறதா பாருங்கள். விலை குறைந்த டிவிகளிலும் பழைய டிவிகளிலும் 2.4 மட்டுமே இருக்கும்.

டிவி 5-ஐயும் பிடிக்கக்கூடியதுதான், ஆனாலும் 5 தெரியவில்லை என்றால் ரவுட்டரின் வைஃபை சேனலைப் பார்க்க வேண்டும். ரவுட்டரை ‘ஆட்டோ’வில் விட்டால் சில சமயம் 52 முதல் 144 வரை உள்ள சேனல்களுக்குப் போய்விடும். ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் அலைவரிசை அது. சில ஸ்டிக்குகளும் டிவிகளும் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. 36-இல் நிலையாக வைத்துவிட்டால் பெயர் தோன்றிவிடும். 2.4-இலும் இதற்கு ஒரு தங்கை உண்டு. இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்களைப் பயன்படுத்தலாம், அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பது 11 வரைதான். அங்கிருந்து அண்ணன் வாங்கிவந்த ஸ்டிக்குக்கு 12, 13-இல் ஓடும் வைஃபை கண்ணில் படாது. 1, 6, 11, இந்த மூன்றில் ஒன்றை வைத்துவிடுங்கள். ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கம் பெரும்பாலும் 192.168.1.1-இல் திறக்கும், முகவரியும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்.

எந்த வைஃபையுமே தெரியவில்லை, ஹாட்ஸ்பாட்டும் தெரியவில்லை என்றால் டிவியின் வைஃபை மாட்யூல் போயிருக்கலாம். சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் லேன் வயரை மாட்டிக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம், மாட்யூலுக்குச் செலவு செய்வதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டை ஏற்கவில்லை

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பூஜ்யமா, ஓ-வா. டிவி கீபோர்டில் இதில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள். எழுத்தைக் காட்டும் வசதியை ஆன் செய்துவிட்டுத் தட்டுங்கள். பழைய பாஸ்வேர்டு சேமித்திருந்தால் ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும்.

பாஸ்வேர்டு சரிதான் என்று சத்தியம் செய்யத் தயாரா? அப்படியானால் ரவுட்டரில் செக்யூரிட்டி ‘டபிள்யூபிஏ3’ என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். புது ரவுட்டர் மாற்றியதும் பழைய டிவி இணையாமல் போக இது ஒரு முக்கிய காரணம். அந்த முறை 2018-இல் வந்தது. அதற்கு முந்தைய டிவிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது, ‘பாஸ்வேர்டு தவறு’ என்றே சொல்லும். ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்று கலந்திருக்கும் அமைப்புக்கு மாற்றுங்கள்.

வைஃபை இணைந்துவிட்டது, ஆனால் ‘இன்டர்நெட் இல்லை’

நிதானமாகப் பார்க்க வேண்டிய அறிகுறி இது. டிவியின் நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து ஐபி அட்ரஸ் வரியைப் படியுங்கள். ஃபயர் டிவியில் நெட்வொர்க் பக்கத்தில் வைஃபை பெயர் மேல் நின்று ப்ளே/பாஸ் அழுத்தினால் நிலவரம் வரும்.

அங்கே 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால் ரவுட்டர் டிவிக்கு முகவரியே கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு டிவி தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதை வைத்து வெளியே போக முடியாது. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். திரும்பவும் அதே எண் வந்தால் ரவுட்டரில் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி (DHCP) ஆன்-இல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை ரேஞ்சுக்காக மாட்டி, அதில் டிஎச்சிபியைப் பாதியில் விட்டிருந்தாலும் இப்படி ஆகும்.

192.168 என்று தொடங்கும் எண் வந்திருந்தால் முகவரி இருக்கிறது. ஆனால் அது எப்போதோ கையால் போட்ட எண்ணாக இருக்கலாம். பழைய ரவுட்டர் 192.168.1 வரிசையிலும் புதியது 192.168.29 வரிசையிலும் இருந்தால், டிவி பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு வழி தெரியாமல் நிற்கும். ஐபி செட்டிங்கை ‘ஆட்டோ’வுக்கு மாற்றினால் தீர்ந்தது.

எண்ணும் சரியென்றால் அடுத்த சந்தேகம் டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர் அது. கம்பெனியின் டிஎன்எஸ் தடுமாறினால், இணைப்பு உயிரோடு இருந்தாலும் டிவிக்கு எதுவும் திறக்காது. டிவியில் டிஎன்எஸ்ஸைக் கையால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போடுங்கள். சாம்சங், எல்ஜி இரண்டிலும் ஐபி செட்டிங் பக்கத்திலேயே இருக்கும். ஆண்ட்ராய்டு டிவியில் இதற்காக ஐபியையும் கையால் போடச் சொல்லும். அந்த வம்பு வேண்டாம் என்றால் ரவுட்டரிலேயே மாற்றிவிடலாம், வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கடைசியாக, யாரும் பார்க்காத ஒன்று: தேதி. இணையத்தில் ஒவ்வொரு தளமும் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. டிவியின் தேதி 2015 என்றோ 1970 என்றோ இருந்தால் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவை, எல்லா இணைப்பையும் மறுத்துவிடும். விலை மலிவான ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் பலவற்றில் கடிகாரத்தை ஓட்டப் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் தேதி பழைய நாளுக்குப் போய்விடும், அதைச் சரிசெய்ய நெட் வேண்டும், நெட் சரியாக வரத் தேதி வேண்டும். செட்டிங்ஸில் ‘ஆட்டோமேட்டிக்’கை அணைத்து, தேதியைக் கையால் போட்டு, ஆப் திறந்ததும் திரும்ப ஆட்டோவுக்கு மாற்றுங்கள். நேர மண்டலம் கொல்கத்தா என்றிருக்க வேண்டும்.

ஒரு ஆப் மட்டும் ஓடவில்லை

யூட்யூப் ஓடுகிறது, வேறொன்று ஓடவில்லை என்றால் நெட்டைக் குறை சொல்ல வேண்டாம். அந்த ஆப்பைப் போனில் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கேயும் திணறினால் அவர்கள் சர்வர் விழுந்திருக்கிறது, பேசாமல் இருங்கள். போனில் ஓடினால் டிவியில் ஆப்பின் கேஷை அழித்து, அப்டேட் செய்து பாருங்கள். விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ்ஸோ விபிஎன்னோ போட்டிருந்தால் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டுச் சோதியுங்கள். டிவி கம்பெனியின் சொந்த சர்வரையே அவை தடுத்துவிடுவது உண்டு. எல்லா ஆப்பும் திறக்கிறது, ஒன்று இரண்டில் மட்டும் படங்களின் அட்டை பாதி வந்து நிற்கிறது என்றால், ரவுட்டர் செட்டிங்ஸில் வான் (WAN) பக்கத்தில் எம்டியு (MTU), அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 என்று இருக்கிறதா பாருங்கள். பிபிபிஓஇ இணைப்புக்கு 1500 போட்டால் பெரிய பாக்கெட்டுகள் வழியில் தொலையும்.

டிவிக்கு வயதாகிவிட்டதும் காரணமாக இருக்கலாம். 2019 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் 2010, 2011-ஆம் ஆண்டு சாம்சங் டிவிகள் சிலவற்றைக் கைவிட்டது. அப்படிப்பட்ட டிவியில் என்ன தலைகீழாக நின்றாலும் ஆப் திரும்பாது. ஸ்டிக் ஒன்று வாங்கி மாட்டுவதுதான் வழி. எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் டிவிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

ரீசெட் ஏன் கடைசி என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2025 மார்ச் 9 அன்று உலகம் முழுக்க, போனிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்ப உதவும் கூகுள் கருவியான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் நின்றன. கருவிகளுக்குள் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, வீட்டு நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே சொன்னது. பொறுத்திருந்தவர்களுக்குச் சில நாளில் அப்டேட் தானாக வந்து சரியானது. அவசரப்பட்டு ரீசெட் அடித்தவர்களுக்குத் திரும்ப செட்டப் செய்யவே முடியவில்லை, அதற்குத் தனியாக இன்னொரு தீர்வு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஓடும், நடுநடுவே நிற்கும்

வேகம் எவ்வளவு வேண்டும்? நெட்ஃப்ளிக்ஸ் கணக்குப்படி முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15. நூறு எம்பிபிஎஸ் பிளான் வைத்துக்கொண்டு படம் நிற்கிறதென்றால் பிளானை உயர்த்தி என்ன பயன்? குறை வீட்டுக்குள்.

வயர் இழுத்தவர் வாசல் பக்கம் துளை போட்டார் என்பதற்காக ரவுட்டர் வாசலிலேயே இருக்கும், டிவி உள்ளறையில் இருக்கும். நடுவே ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு, ஒரு இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் அந்தப் பீரோவைத் தாண்டாது. போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு டிவி பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சிக்னல் பலம் மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்கு நெருக்கமான எண் வந்தால் வீடியோவுக்குப் போதும், மைனஸ் 75-க்குக் கீழே போனால் நிற்கத்தான் செய்யும். ரவுட்டரை நகர்த்துங்கள், அல்லது 2.4-க்கு மாறுங்கள்.

ஸ்டிக் வைத்திருப்பவர்கள் டிவியின் பின்பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பெட்டியில் வந்த குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரை யாரும் மாட்டுவதில்லை. அதை மாட்டினால் ஸ்டிக் டிவியின் உலோகத் தகட்டுக்குப் பின்னாலிருந்து சற்று விலகும், சிக்னல் தெளிவாகக் கூடும். பவருக்கு டிவியின் யுஎஸ்பி ஓட்டையில் சொருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். யுஎஸ்பி 2.0 ஓட்டை தருவது 0.5 ஆம்பியர், ஸ்டிக் கேட்பது 1 ஆம்பியர். பவர் குறைந்தால் முதலில் தள்ளாடுவது வைஃபைதான். கூட வந்த அடாப்டரிலேயே போடுங்கள்.

லேன் வயர் இழுக்க வழி இருந்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை. பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், ஸ்பீட் டெஸ்ட்டில் வைஃபையைவிடக் குறைவாகக்கூடக் காட்டும். கவலை வேண்டாம், 4கே-வுக்கு அது தாராளம்.

காஸ்ட் செய்ய டிவி தெரியவில்லை

போனில் ஓடும் வீடியோவை டிவிக்கு அனுப்ப (காஸ்ட் செய்ய), போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஒன்று கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தாலும், ரவுட்டரில் ‘ஏபி ஐசோலேஷன்’ ஆன்-இல் இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்காது.

கம்ப்ளைன்ட் கொடுக்கும்போது

இவ்வளவும் பார்த்து டிவிக்குள்தான் கோளாறு என்று உறுதியானால், முதலில் ‘நெட்வொர்க் ரீசெட்’ இருக்கிறதா என்று தேடுங்கள். வைஃபை விவரங்களை மட்டும் அழிக்கும், ஆப்களைத் தொடாது. ஃபேக்டரி ரீசெட் அதற்குப் பிறகுதான். பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ் என்றால் ரீசெட்டுக்கே மெனக்கெட வேண்டாம். கடையிலிருந்து வரும்போதே வைரஸோடு வரும் பாக்ஸ்களைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கை விட்டது, வீட்டு நெட்டை அடுத்தவன் வேலைக்குப் பயன்படுத்தும் ரகம். மாற்றிவிடுவது நல்லது.

கம்பெனிக்குப் போன் செய்தால் ‘டிவியில் நெட் வரவில்லை’ என்று தொடங்காதீர்கள். ‘டிவி கம்பெனியிடம் கேளுங்கள்’ என்று வைத்துவிடுவார்கள். ‘எல்ஓஎஸ் சிவப்பாக எரிகிறது’, ‘பான் நிதானமாக இருக்கிறது, ஆனால் இன்டர்நெட் விளக்கு இல்லை’, ‘லேன் வயரில் லேப்டாப் மாட்டிப் பார்த்தும் வரவில்லை’ என்று சொல்லுங்கள். கம்ப்ளைன்ட் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும்வரை லைனை வைக்க வேண்டாம்.